23 டொமைன் பெயர்களுக்கு எத்தனை ஹோஸ்டிங் வேண்டும்?

கேட்கப்பட்டது இது: “அக்கா, ஐந்தாறு ஆண்டுகளில் என்னிடம் 23 டொமைன் பெயர்கள் சேர்ந்துவிட்டன. டாட் காம் 15, டாட் எஸ்ஜி வகையில் 5, தமிழில் டாட் சிங்கப்பூர் ஒன்று, மற்றவை இரண்டு. எஸ்ஜி பெயர்களில் இரண்டை இரண்டு வாரத்துக்கு முன்புதான் வாங்கினேன். இப்போது நடப்பவை நான்கு தளங்கள்: அப்பாவின் நாட்டு மருந்துக் கடை, மனைவியின் துணைப்பாட நிலையம், தாத்தாவின் நாடகக் குழுப் படங்கள், நண்பருக்காக நான் பார்த்துக்கொள்ளும் கேட்டரிங் தளம். தளங்களின் கோப்புகளை வைக்க ‘எண்ணற்ற டொமைன்கள்’ என்று ஒரு ஹோஸ்டிங் திட்டம் மூன்று ஆண்டு முன்பணத்துக்கு மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா? அல்லது விபிஎஸ் எனப்படும் தனி மெய்நிகர் சர்வருக்குப் போகலாமா?”

தம்பி, இரண்டும் வேண்டாம். ஏன் என்று சொல்ல நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் தேக்காவைச் சுற்றியுள்ள சிறு கடைகளின் தளங்களைப் பதினெட்டு ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். இந்தத் தொழிலில் நான் செய்த பெரிய தவறு, நீங்கள் இப்போது செய்யப் பார்க்கும் அதே தவறுதான்.

முதலில் அந்த 23 பெயர்களையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் அது என்ன வேலை செய்கிறது என்று குறியுங்கள். நீங்கள் அனுப்பிய பட்டியலை நானே அப்படிப் பிரித்துப் பார்த்தேன். உண்மையில் தளம் என்று சொல்லத்தக்கவை நான்கு. பதினொன்று, அந்த நான்கின் எழுத்துக்கூட்டல் வேறுபாடுகள். யாராவது தவறாகத் தட்டினாலும் நம்மிடமே வரட்டும் என்று வாங்கியவை. மீதி எட்டு, ‘பிறகு உதவும்’ என்று நள்ளிரவில் வாங்கியவை. (எனக்கும் அந்த நோய் உண்டு.) பெயர்ப்பலகை 23 இருக்கிறது என்பதற்காக யாரும் 23 கடைக்கு வாடகை கட்டுவதில்லை. உங்களுக்கு ஹோஸ்டிங் என்று தேவைப்படுவது நான்குக்கு. அதிலும் காசு கொடுத்து வாங்க வேண்டியது இரண்டுக்குத்தான்.

அந்தப் பதினொன்றை எடுத்துக்கொள்வோம். இவை வெறும் திசைமாற்று. யாராவது அந்தப் பெயரைத் தட்டினால் ‘நிரந்தரமாக இடம் மாறிவிட்டது’ என்ற 301 பதிலைக் கொடுத்து உண்மையான தளத்துக்கு அனுப்பினால் போதும். டொமைன் பதிவாளர்கள் பலர் இதை இலவசமாகவே தருகிறார்கள். ஆனால் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. நானே பலமுறை விழுந்திருக்கிறேன். உங்கள் கைப்பேசியில் அந்தப் பெயரை முன்னால் ‘எச்டிடிபிஎஸ்’ சேர்த்துத் தட்டிப் பாருங்கள். பல பதிவாளர்களின் திசைமாற்று பழைய ‘எச்டிடிபி’க்கு மட்டுமே வேலை செய்யும். பாதுகாப்பான முகவரிக்கு வந்தவரைத் திருப்பி அனுப்புவதற்கும் அந்தப் பெயருக்கென்று ஒரு எஸ்எஸ்எல் சான்றிதழ், அதாவது முகவரி உண்மையானது என்று உலாவிக்குக் காட்டும் அத்தாட்சி, இருந்தாக வேண்டும். இல்லையென்றால் திருப்பும் முன்பே உலாவி ‘இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல’ என்று முழுத்திரை எச்சரிக்கை காட்டும். அப்பாவின் கடைக்கு மருந்து கேட்டு வருகிற அறுபது வயதுக்காரர் அதைப் பார்த்தால் திரும்ப வரமாட்டார். ஆகவே திசைமாற்றைச் சான்றிதழோடு சேர்த்துத் தரும் இடத்தில் வைக்க வேண்டும். நான் என் பெயர்களுக்கெல்லாம் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் இலவச டிஎன்எஸ்ஸை (பெயர் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பட்டியலை) வைத்து, அங்கேயே திசைமாற்று விதியை எழுதிவிடுகிறேன். பதினொன்றுக்கும் சேர்த்து ஒரு மாலைப்பொழுது ஆகும். பிறகு திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

சான்றிதழ் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு வந்த பிறகு இது இலவசம்தான். காலாவதியாகும் முன்பே தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். சான்றிதழைக் காசுக்கு வாங்கி ஆண்டுக்கொருமுறை கையால் ஏற்றும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அதற்கு இனி வழியில்லை. சான்றிதழ் வழங்குவோரும் உலாவி நிறுவனங்களும் 2025இல் எடுத்த முடிவின்படி, ஒரு சான்றிதழின் அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச்சில் 200 நாள், 2027 மார்ச்சில் 100 நாள், 2029 மார்ச்சில் 47 நாள் என்று குறைகிறது. 23 பெயருக்கு 47 நாளுக்கொருமுறை கையால் மாற்றிக்கொண்டிருக்க நீங்கள் வேறு வேலை இல்லாதவராக இருக்க வேண்டும். ‘சான்றிதழ் தனிக் கட்டணம்’ என்று சொல்லும் ஹோஸ்டிங்கை அந்த ஒரு வரியிலேயே ஒதுக்கிவிடலாம்.

காத்திருக்கும் எட்டுக்கு வருவோம். இவற்றை ஹோஸ்டிங்கில் ஏற்றவே வேண்டாம். விளம்பரப் பக்கம் போட்டு வருமானம் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். சாதாரணப் பெயர்களில் அது மாதம் ஒரு கோப்பிக்குக்கூடத் தேறாது. ‘இந்தப் பெயர் விற்பனைக்கு’ என்று ஒரு பக்கம் போதும். இவற்றின் உண்மையான செலவு புதுப்பிப்பில் இருக்கிறது. டாட் காமுக்குப் பதிவாளர் கொடுக்கும் மொத்த விற்பனை விலையே 2024 செப்டம்பரில் 10.26 அமெரிக்க டாலர் ஆனது. பதிவாளரின் லாபம், வெளிநாட்டு நிறுவனமாக இருந்தாலும் பெரும்பாலும் சேரும் 9 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி எல்லாம் போட்டால் ஒரு பெயருக்கு ஏறக்குறைய 20 சிங்கப்பூர் வெள்ளி. எட்டுக்கு ஆண்டுக்கு 160 வெள்ளி. ‘இன்று இந்தப் பெயர் காலியாகக் கிடந்தால் மறுபடி வாங்குவேனா?’ என்று ஒவ்வொன்றையும் கேட்டுப் பாருங்கள். நான் சென்ற ஆண்டு கேட்டபோது ஒன்பதில் ஆறு போயிற்று. விட்டுவிட்ட பிறகு மனம் மாறினால் டாட் காமில் கொஞ்சம் அவகாசம் உண்டு: காலாவதிக்குப் பின் பதிவாளர் 45 நாள் வரை வைத்திருக்கலாம், பிறகு 30 நாள் மீட்புக் காலம், கடைசியில் 5 நாள். மீட்புக் காலத்தில் கட்டணம் பல மடங்கு. அதற்கு முன்பே பதிவாளர் ஏலம் விட்டுவிடவும் கூடும். எஸ்ஜி பெயர்களுக்கு விதிகள் வேறு. டாட் காம் கணக்கை அங்கே போட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

சும்மா கிடக்கும் பெயரிலும் ஒரு கதவைப் பூட்ட வேண்டும், அதாவது மின்னஞ்சல். நீங்கள் ஒரு கடிதமும் அனுப்பாத பெயரில் வேறு யாரோ அனுப்ப முடியும். டிஎன்எஸ்ஸில், யார் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவில் ‘யாருக்கும் அனுமதி இல்லை’ என்றும், மீறி வரும் கடிதத்தை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் பதிவில் ‘நிராகரி’ என்றும் போட்டுவிடுங்கள். பெயருக்கு இரண்டே வரி.

இப்போது உண்மையான தளங்கள் நான்கு. துணைப்பாட நிலையத்துக்கு ஐந்து பக்கங்கள். நேரம், கட்டணம், வரைபடம், தொலைபேசி எண். நாடகக் குழுவுக்குப் படங்கள். இவை இரண்டும் மாறாத பக்கங்கள். இவற்றுக்கு வேர்ட்பிரஸ் போன்ற தள மென்பொருள் எதற்கு என்று கேட்கிறேன். எச்டிஎம்எல் கோப்புகளாக ஆக்கி கிளவுட்ஃபிளேர் பேஜஸிலோ நெட்லிஃபையிலோ வைத்தால் இலவசத் திட்டமே தாராளம். உடைத்துப் புகுவதற்கு உள்ளே ஒன்றும் இருக்காது. கிட்ஹப் பேஜஸும் நல்லதுதான். ஆனால் இணைய வணிகத்தை நடத்தும் இலவச ஹோஸ்டிங்காக அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அவர்களே விதியில் எழுதியிருக்கிறார்கள். தாத்தாவின் படங்களுக்குச் சரி, கட்டணம் வாங்கும் துணைப்பாட நிலையத்துக்கு வேண்டாம்.

மருந்துக் கடையும் கேட்டரிங்கும்தான் ஆர்டர் வாங்குகின்றன. தரவுத்தளம், வேர்ட்பிரஸ், அதில் செருகும் பிளகின் நிரல்கள் எல்லாம் வேண்டும். நீங்கள் பார்த்த ‘எண்ணற்ற டொமைன்கள்’ திட்டம் குறுக்கே வருவது இங்கேதான். என் கதையைச் சொல்கிறேன்.

2017 தீபாவளிக்கு முந்தைய வாரம். கேம்பல் லேனில் இனிப்புக் கடை நடத்தும் அம்மா ஒருவர் காலை எட்டு மணிக்கு அழைத்தார். “உன் வெப்சைட்டைத் திறந்தால் சிவப்பாக ஏதோ வருகிறதே!” ஓடினேன். சந்தை போட்டுத் தெருவில் நிற்க இடமில்லை. அவர் முறுக்குத் தட்டை ஒதுக்கிவிட்டுக் கைப்பேசியை நீட்டினார்: ‘இந்தத் தளம் தீங்கு விளைவிக்கலாம்’. நான் அப்போது ஒரே கணக்கில் 14 தளங்களைக் கூடுதல் டொமைன்களாக வைத்திருந்தேன். மடிக்கணினியைக் கல்லாப் பெட்டிமேல் வைத்துத் திறந்தால், 14 கோப்புறையிலும் ஒரே பெயரில் ஒரு பிஎச்பி கோப்பு, எல்லாவற்றிலும் ஒரே நேரம்: அதிகாலை 3.12. இனிப்புக் கடைத் தளத்தில் குற்றமில்லை. மூன்று ஆண்டாக யாரும் தொடாத ஒரு சுற்றுலாக் குழுவின் படத்தொகுப்பு அதே கணக்கில் கிடந்தது. அதில் பழைய பிளகின் ஒன்று. அந்த ஓட்டை வழியாக வந்தவனுக்கு மற்ற பதின்மூன்றின் கதவும் திறந்தே இருந்தது. ஏனென்றால் ஒரே கணக்கு என்றால் சர்வரைப் பொறுத்தவரை ஒரே பயனர். ஒரு கோப்புறையில் எழுத முடிந்தவன் எல்லாவற்றிலும் எழுதலாம். ஹோஸ்டிங் நிறுவனம் ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் கணக்கு முழுவதையும் முடக்கியது. அந்த வார ஆர்டர்களை அம்மா நோட்டில் எழுதினார். நான் பக்கத்தில் நின்று பெட்டி கட்டினேன்.

எனவே தளங்கள் ஒன்றையொன்று தொட முடியாதபடி தனித்தனிக் கணக்கில் இருக்க வேண்டும். இதற்கு இரண்டு வழி. ஒன்று, ஒரே ஒரு தளத்துக்கான சிறிய திட்டத்தை இருமுறை வாங்குவது. மற்றொன்று, ரீசெல்லர் எனப்படும் மறுவிற்பனைத் திட்டம். மறுவிற்பனை செய்யாவிட்டாலும் பரவாயில்லை, ஒவ்வொரு தளத்துக்கும் தனிக் கணக்கும் தனிக் கடவுச்சொல்லும் கிடைக்கும். உங்களுக்கு இரண்டே தளம் என்பதால் முதல் வழி போதும். நாளைக்கு ஐந்து, ஆறு ஆனால் ரீசெல்லருக்குப் போகலாம். ரீசெல்லர் ஏன் முன்பு போல மலிவாக இல்லை என்று கேட்பீர்கள். ஹோஸ்டிங் கட்டுப்பாட்டுப் பலகை மென்பொருளை விற்கும் சிபேனல் நிறுவனம் 2019இல் உரிமக் கட்டணத்தைச் சர்வருக்கு இவ்வளவு என்பதிலிருந்து கணக்குக்கு இவ்வளவு என்று மாற்றியது. அன்றிலிருந்து ஒவ்வொரு தனிக் கணக்கும் விற்பவருக்குச் செலவு. ‘ஒரே கணக்கு, எண்ணற்ற டொமைன்’ என்று அவர்கள் கூவிக் கூவி விற்பதில் ஒரு லாபக் கணக்கும் இருக்கிறது: 40 தளத்தை நீங்கள் ஒரே கணக்கில் திணித்தால் அவர்களுக்கு ஒரே உரிமம்.

‘எண்ணற்ற’ என்ற சொல்லை நம்பவும் வேண்டாம். இட அளவு எண்ணற்றது என்று பெரிய எழுத்தில் இருக்கும். ஐநோடு வரம்பு என்று, அதாவது எத்தனை கோப்புகள் வைக்கலாம் என்று, விதிமுறைப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். ஒரு வேர்ட்பிரஸ் தளமும் அதன் சிறுபடங்களும் தற்காலிகக் கோப்புகளும் சேர்ந்தால் சில பத்தாயிரம் கோப்புகளைச் சுலபமாகத் தொடும். பத்துத் தளத்தில் அந்த வரம்பு வந்து நிற்கும். முதலில் நிற்பது பெரும்பாலும் பேக்கப்தான், சத்தமில்லாமல். விலையிலும் அப்படித்தான். மாதம் 3 வெள்ளி என்று 36 மாதத்துக்கு 108 வெள்ளி கட்டுவீர்கள். புதுப்பிக்கும்போது மாதம் 12 என்றால் அடுத்த மூன்றாண்டுக்கு 432. எந்தத் திட்டத்தையும் அதன் புதுப்பிப்பு விலையில் வைத்தே ஒப்பிடுங்கள். முதல் முறை வாங்குவது ஓராண்டுக்குமேல் வேண்டாம்.

விபிஎஸ் பற்றி இரண்டே வரி. சர்வர் முழுவதும் உங்கள் கையில் என்றால் அதன் பாதுகாப்புத் திருத்தங்களும் உங்கள் கையில்தான். நீங்கள் குடும்பத்தோடு ஜொகூருக்குப் போயிருக்கும் சனிக்கிழமையிலும் அப்படித்தான். லினக்ஸ் கற்க ஆசை என்றால் வாங்கி விளையாடுங்கள், அப்பாவின் கடையை அதில் வைக்காதீர்கள்.

சர்வர் எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு உங்கள் விஷயத்தில் பதில் எளிது: சிங்கப்பூரில். வாங்குபவர்கள் இங்கே இருக்கிறார்கள். சென்னையிலிருந்து பார்க்கும் உறவினர்களுக்கும் கவலையில்லை. 2002இலிருந்து வேலை செய்யும் ஐ2ஐ என்ற கடலடிக் கம்பிவடம் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்வர 32 மில்லிநொடி. கலிபோர்னியாவில் சர்வர் இருந்தால் சிங்கப்பூரிலிருந்து நேர்க்கோட்டுத் தூரமே ஏறக்குறைய 13,500 கிலோமீட்டர், போய்வர 135 மில்லிநொடிக்குக் குறையாது. பக்கத்தின் முதல் எழுத்து வருவதற்குள் இந்தப் பயணம் குறைந்தது மூன்று முறை நடக்கிறது. ஏறக்குறைய அரை நொடி கடலிலேயே போய்விடும். ஆனால் கேட்டரிங் தளத்தைத் திறந்து பார்த்தேன். முகப்பில் இருக்கும் பிரியாணிப் படம் மட்டும் 6 மெகாபைட். அதைச் சுருக்கினாலே சர்வரை மாற்றுவதைவிட அதிகப் பலன் கிடைக்கும்.

‘ஒவ்வொரு டொமைனுக்கும் தனி ஐபி, கூகலில் மேலே வரலாம்’ என்று ஒருவர் உங்களிடம் விற்க வந்ததாக எழுதியிருந்தீர்கள். ஒரு காலத்தில் சான்றிதழ் போட ஒவ்வொரு தளத்துக்கும் தனி ஐபி, அதாவது சர்வரின் எண் முகவரி, தேவைப்பட்டது. எஸ்என்ஐ என்ற முறை வந்த பிறகு ஒரே ஐபியில் ஆயிரம் தளம் தத்தம் சான்றிதழோடு இருக்கலாம். நம் ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கான, ஐபிவி4 என்ற பழைய வகை ஐபி முகவரிகள் 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டன. கிடைப்பது அரிது, அதனால் விலை. அந்த விலையை உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார், அவ்வளவுதான். பத்துத் தளத்தைச் செய்து ஒன்றுக்கொன்று இணைப்புக் கொடுத்துக் கூகலை ஏமாற்றுவதுதான் அந்தத் திட்டத்தின் உள்நோக்கம் என்றால், அதை அவர்களுடைய விதிகளே தடைசெய்கின்றன.

எங்கே வாங்கினாலும், டொமைனை ஒருவரிடமும் ஹோஸ்டிங்கை இன்னொருவரிடமும் வையுங்கள். மின்னஞ்சலையும் முடிந்தால் பிரித்துவிடுங்கள். ‘ஹோஸ்டிங் எடுத்தால் டொமைன் இலவசம்’ என்பதில் மாட்டிக்கொண்டால், ஹோஸ்டிங்கோடு தகராறு வரும் நாளில் பெயரும் அவர்கள் கையில் இருக்கும். பிரித்து வைத்திருந்தால் நேம்சர்வரை (பெயரின் டிஎன்எஸ் இருக்கும் இடத்தை) மாற்றிவிட்டு அன்றைக்கே வேறிடம் போய்விடலாம். டன்லப் ஸ்திரீட்டில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் பத்தாண்டாகப் பயன்படுத்திய பெயர் அவருடையது இல்லை என்பது, அதைப் பதிவு செய்து கொடுத்த வடிவமைப்பாளர் ஊருக்குத் திரும்பிய பிறகுதான் தெரிந்தது. பலகையையும் அச்சடித்த பைகளையும் மாற்ற வேண்டியதாயிற்று. நண்பரின் கேட்டரிங் பெயர் உங்கள் பெயரில் இருக்கிறது என்றீர்கள். நல்ல மனத்தோடுதான் செய்திருப்பீர்கள். அதை அவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிடுங்கள்.

வாங்கும் முன் ஒரு சோதனை. ஞாயிறு இரவு பதினோரு மணிக்கு அவர்களுடைய உதவிப் பிரிவுக்கு இப்படி எழுதுங்கள்: ‘என் தளத்தின் ஒரு கோப்பை மட்டும் மூன்று நாள் முந்தைய நிலைக்கு மீட்க வேண்டும். நானே செய்யலாமா, நீங்கள் செய்வீர்களா, கட்டணம் உண்டா?’ நாங்கள் தினமும் பேக்கப் எடுக்கிறோம் என்று மட்டும் பதில் வந்தால் அது பதில் இல்லை. எடுப்பது பெரிதல்ல, மீட்டு யாரும் பார்த்ததில்லை என்பதுதான் வழக்கமான சிக்கல். வாங்கிய முதல் வாரத்தில் நீங்களே ஒரு படத்தை அழித்துவிட்டு மீட்டுப் பாருங்கள். மாதம் ஒருமுறை ஒரு பிரதியை வீட்டுக்கும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்ப் பெயர் பற்றிக் கொஞ்சம். டாட் சிங்கப்பூர் 2011இலேயே வந்துவிட்டது, ஆனால் ஹோஸ்டிங் பலகைகள் பலவற்றுக்கு இன்னும் தமிழ் எழுத்து பிடிபடவில்லை. உள்ளே எக்ஸ், என், இரண்டு சிறுகோடு என்று தொடங்கும் குறிவடிவத்தில்தான் அதைச் சேர்க்க வேண்டியிருக்கும். உங்கள் பெயர் ஔ என்று தொடங்குகிறது. அங்கேதான் எனக்குக் கவலை. ஔ என்பது ஒருங்குறியில் (யூனிகோடில்) ஓர் எழுத்து. ஒ எழுதி அருகில் ள எழுதினால் கண்ணுக்கு அச்சாக அதுவேதான், ஆனால் கணினிக்கு இரண்டு எழுத்து, வேறு பெயர். விசைப்பலகையைப் பொறுத்து வாடிக்கையாளர்கள் எப்படித் தட்டுவார்கள் என்று சொல்ல முடியாது. நீங்கள் வாங்கியது எந்த வடிவம் என்று குறிவடிவத்தை வைத்துச் சரிபாருங்கள். ள சேர்த்த வடிவத்தை வாங்கியிருந்தால் சரியான ஔவையும் வாங்கி, ஒன்றை மற்றதுக்குத் திருப்பிவிடுங்கள். அந்தப் பெயரில் மின்னஞ்சல் முகவரி வைக்கும் எண்ணம் இருந்தால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பல சேவைகள் அதை ஏற்பதில்லை.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. இதைத்தான் இன்று முதலில் செய்ய வேண்டும். எஸ்ஜி பெயரைப் பதிவு செய்தால், நிர்வாகத் தொடர்பாளராகக் குறிப்பிடப்பட்டவர் சிங்பாஸ் என்ற அரசின் மின்னடையாளம் மூலம் தம்மை உறுதிப்படுத்த வேண்டும். அதற்கு 21 நாள். தவறினால் பெயர் முடக்கப்படும். எஸ்ஜி பெயர்களை நிர்வகிக்கும் எஸ்ஜிநிக்கிலிருந்து வரும் அந்த மின்னஞ்சல் பலருக்குக் குப்பைப் பெட்டியில் போய் விழுகிறது. பெயர் வேலை செய்யவில்லை என்று ஹோஸ்டிங்காரரைத் திட்டிக்கொண்டிருந்த இருவருக்கு நானே அதைத் தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் வாங்கி இரண்டு வாரம் ஆகிவிட்டது. அந்த இரண்டு பெயரிலும் தொடர்பாளராக யாரைப் போட்டீர்கள் என்று பாருங்கள். அப்பாவைப் போட்டிருந்தால், இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவருடைய கைப்பேசியை வாங்கி உடனிருந்து முடித்துவிடுங்கள்.